மொசக்கறி கேட்ட பேராண்டிக்கு

ஏங்கண்ணு, பொங்கலுக்கு ஊருக்கு வர்றியாமா. மண்சட்டியும் வெறகடுப்பும் தயாரா இருக்கோணுமாமா. காட்டு மொசக்கறியைப் பொழுதன்னிக்கும் மெதுவா வேகவெச்சு, அதைப் படம் புடிச்சு உலகத்துக்கே காட்டப் போறியாமா. உங்கம்மா சொன்னா. நெம்ப சந்தோசம். சட்டி இருக்குது, வெறகு இருக்குது, வெங்காயம் உரிக்க உங்கம்மிச்சி இருக்கா. மொசல் ஒண்ணுதான் சர்க்காருகிட்ட இருக்குது.

வெளையாட்டுக்குச் சொல்லலை. 1972ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மொசலும் உண்டு, கௌதாரியும் உண்டு. திருட்டுத்தனமா அடிச்சாக்கூட, செத்த மொசலும் சர்க்கார் சொத்துதான். நீ மசாலா தடவுனா சர்க்கார் சொத்துக்குத்தான் தடவுறே. 2022ல சட்டத்தைத் திருத்தி, 25,000 ரூபா வரைக்கும் இருந்த அபராதத்தை ஒரு லட்சம் வரைக்கும் ஏத்திட்டாங்க. மூணு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். மத்தவனெல்லாம் கண்ணி வெச்சதை மறைக்கத்தான் பாடுபடுவான். நீ அடுப்புல ஏத்துனதுல இருந்து எலும்பு கடிக்கற வரைக்கும் நீயே படம் புடிச்சு, தேதி, நேரம், ஊர்ப் பேரோட போடறேங்கறே. வனத்துறைக்காரங்களுக்கு இத்தனை ஒத்தாசை பண்ற ஆளு லேசுல கெடைக்க மாட்டான்.

அந்தச் சட்டம் வந்தப்ப எனக்கு மீசை மொளைச்சாச்சு. அதுக்கு முன்னாடி நான் மொசக்கறி தின்னது ஊருக்கே தெரியும். பொறவு தின்னியான்னு மட்டும் கேக்காதே. வயசாச்சு பாரு, சில கேள்வி காதுல விழறதில்லை.

ருசியைப் பத்திக் கேளு, சொல்றேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால கெடக்கற கொறங்காட்டைப் பாத்திருக்கறே இல்ல? சுத்திக் கிளுவை வேலி, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேலா மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. அதுல பதுங்கறதும், நாயைக் கண்டா ஓடறதும்தான் மொசலுக்குப் பொழப்பு. ஓடி ஓடிக் கறி கருஞ்செவப்பா இறுகிப் போயிருக்கும். கொழுப்பு மருந்துக்கும் இருக்காது. அவசரப்பட்டு எறக்குனா, கடிச்சவன் தாடைதான் வலிக்கும். அதனால மத்தியானம் ஏத்துன சட்டி பொழுது எறங்கற வரைக்கும் அடுப்புலயே கெடக்கும். அதுக்குள்ள காட்டு வேலை முடிச்சு வந்தவனுக்குப் பசி கண்ணை இருட்டும். ‘அந்தக் காலத்து மொசக்கறி வருமா’ன்னு ஊர்க்கெழவனுங்க இன்னைக்கும் சப்புக் கொட்டறாங்களே, அதுல மொசலோட பங்கு கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் சட்டிக்கு முன்னால காத்துக் கெடந்த நேரம். காத்துக் கெடக்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் தடையில்லை கண்ணு. அதை மட்டும் உன்ற வயசுப் பசங்க செய்ய மாட்டேங்கறீங்க.

மொசலுக்குப் பதிலா என்னத்தைப் போடறதுன்னு கேப்பே. பண்ணை மொசல் வாங்கலாம், குத்தமில்லை. ஆனா அது சீமைச் சாதி. கூண்டுல உக்காந்து தின்னு வளந்தது, கறி வெளுத்துத்தான் இருக்கும். கொறங்காட்டு மொசலுக்கு அது பங்காளிகூட இல்லை. ஜப்பான் காடையா? அஞ்சாறு வாரத்துல கடைக்கு வந்துரும், ஒண்ணு 200 கிராம் தேறுனாப் பெருசு. மூணு மணி நேரம் வேகவெச்சா எலும்பைத்தான் சட்டியில தேடோணும். பல்லடத்துப் பக்கம் வண்டி வண்டியாப் போகுதே பிராய்லரு, அதுக்கு ஆயுசே 40 நாள் சொச்சம். அதுக்குள்ள ரெண்டு கிலோ ஏத்தோணும். நடக்கறதுக்கே நேரமில்லாதது எங்க போயி இறுகறது?

உனக்கு வேண்டியது கெழடு. ஊட்டுலதான் கெழடுன்னா திண்ணையில ஒதுக்கிப் போடறீங்க, குழம்புக்குக் கெழடுதான் ராசா. தொண்டுபட்டியைக் கிண்டித் திரிஞ்ச ரெண்டு வருசத்து நாட்டுச்சேவல் ஒண்ணு புடி. கெடைச்சா முத்துன கின்னிக்கோழி இன்னும் விசேசம், கறி கருப்போடி வேட்டைக்கறி வாசம் கொஞ்சம் அடிக்கும். கடைக்காரன் பேச்சைக் கேக்காதே. இளசு கேட்டவங்கிட்ட இளசுன்னு சத்தியம் பண்ணுன அதே கோழியை உனக்கு முத்தல்னு சத்தியம் பண்ணுவான். நீயே குனிஞ்சு சேவலோட கால் முள்ளைப் பாரு. பொட்டு மாதிரி இருந்தா இளசு. நீண்டு வளைஞ்சு நின்னா வயசாளி. அப்புறம் நெஞ்செலும்போட பின்நுனியை வெரலால அழுத்து. வளைஞ்சு குடுத்தா வேண்டாம்னு சொல்லு. அசையவே இல்லைன்னா காசைக் குடு.

மஞ்சளைப் பூசித் தீயில வாட்டச் சொல்லு. நீ காட்டு வாசம், காட்டு வாசம்னு உருகறியே, அதுல பாதி இந்தப் பொகை வாசந்தான். துண்டைப் பெருசா, எலும்போட போடு. சட்டியில நல்லெண்ணெயை யோசிக்காம ஊத்து. கொழுப்பில்லாத கறிக்கு நாமதான் கொழுப்பு குடுக்கோணும். உங்கிட்டத்தான் எச்சா இருக்குதே. ஒண்ணரைக் கிலோ சேவலுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம். கறிவேப்பிலை போட்டு வதக்கி, கறியைப் போட்டுப் பெரட்டி, உப்புப் போட்டு, முங்கற அளவுக்குச் சுடுதண்ணி ஊத்து. மல்லி, வரமொளகா, மொளகு, சீரகம், சோம்பு, கசகசா, அரை மூடித் தேங்கா, இதையெல்லாம் வறுத்து அரைச்சு வெச்சுக்கோ. இப்பவே ஊத்தாதே, கறி முக்கால் பதம் வந்த பொறவுதான். முன்னாடியே ஊத்துனா தேங்கா அடியில போயிப் புடிக்கும்.

இனிமேதான் உனக்குச் சோதனை. ஒரு கொதி வந்ததும் வெறகை வெளிய இழுத்துரு. கங்குதான் வேலை செய்யோணும், சட்டி ஓரத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தாப் போதும். படிச்சவனாச்சே, கணக்காவே சொல்றேன். கறியை எலும்போட கட்டி வெச்சிருக்குது பாரு சவ்வு, அது 70 டிகிரி தாண்டுனா மெல்ல மெல்ல எளகிக் கொழகொழன்னு குழம்புல எறங்கும். அவசரத்துக்குத் தீயைத் தள்ளுனா சவ்வு எளகறதுக்குள்ள கறி சுருங்கித் தன்னோட தண்ணியைக் கக்கிரும். குழம்புலயே முங்கிக் கெடந்தும் வாயில போட்டா வறவறன்னு இருக்கும். கெழட்டுச் சேவலுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பத்துவாட்டி மூடியைத் தொறந்து படம் புடிச்சீன்னா மூணாகும்.

குக்கர் ஆகாதான்னு முனகறது கேக்குது. ஆகும் சாமி, அதைத் திட்ட மாட்டேன். உள்ள 120 டிகிரி கிட்டப் போறதால சீக்கிரம் வெந்துரும், உங்கம்மா பொழப்பே அதுலதான் ஓடுது. ஆனா ஒவ்வொரு விசிலுக்கும் வாசம் பக்கத்து ஊட்டுக்குப் போகும். அவங்க கிண்ணத்தோட வந்து நிப்பாங்க. கறி உனக்கு, வாசம் அவங்களுக்குன்னு பங்கு பிரிக்கறது உனக்குச் சம்மதம்னா வெய்யி.

எறக்குன ஒடனே வட்டல் போடாதே. அரை மணி நேரம் மூடியே கெடக்கட்டும், காரம் கறிக்குள்ள எறங்கும். ராத்திரிக்குத் தின்னது போக மிச்சத்தைப் பிரிட்ஜுல வெச்சா, காலையில தோசைக்கு இன்னும் ஒரு படி மேல இருக்கும். இந்த ரகசியத்தை மட்டும் உன்ற வீடியோவுல சொல்லீராதே, ஒறம்பரை ராத்திரியே தங்கீருவாங்க.

வெந்துச்சா வேகலையான்னு பாக்க டவுன்ல கறிக்குள்ள குத்தற கம்பி விக்குதாமா. அந்தக் காசு உனக்கு மிச்சம். எனக்குப் பல்லு மூணுதான் இருக்குது. முதல் துண்டை எனக்குக் குடு. நான் மென்னு முழுங்குனா வெந்துருச்சு. முழுங்கலைன்னா ரெண்டாவது துண்டும் குடுத்துப் பாக்கோணும்.