எட்டுப் பேருக்கு எந்தப் படகு?

கேள்வி: எட்டு நண்பர்கள் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்க விரும்பினால், ஒற்றையுடல் படகு ஏற்றதா, இரட்டையுடல் கட்டமரான் ஏற்றதா?

பதில்: திரும்பும்போதும் அவர்கள் நண்பர்களாகவே இருக்க வேண்டுமெனில் கட்டமரானே ஏற்றது. ஒற்றையுடல் படகு காற்றில் சாய்ந்தே ஓடுவதால் அடுப்பிலுள்ள குழம்பும் சாயும். கட்டமரானோ அகன்று நிற்கும் இரு உடல்களால் பெரும்பாலும் நிமிர்ந்தே செல்வதோடு, அறைகள் இருபுறமும் பிரிந்திருப்பதால் வலப்பக்கக் குறட்டை இடப்பக்கத்தாரை எழுப்புவதில்லை. ஏறத்தாழ 45 அடி நீளக் கட்டமரானில் பொதுவாக நான்கு இரட்டைப் படுக்கையறைகள் அமையும். வாடகை கூடுதல்தான், எட்டாகப் பகிர்ந்தால் தாங்கும்.

எனினும், அங்குள்ள டோர்டோலா தீவிலிருந்து வெர்ஜின் கோர்டா தீவுக்குச் செல்வது, கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை எதிர்த்த பயணமாதலால், அத்திசையில் கட்டமரான் சற்றுத் திணறும். அடியில் கனத்த எடை தாங்கிய ஒற்றையுடல் படகு கவிழ்ந்தாலும் நிமிரக்கூடும். கட்டமரான் தானாக நிமிராது என்பதால், காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டுவது இன்றியமையாதது. குழுவில் தேர்ந்த படகோட்டி இல்லையெனில், படகுத் தலைவரின்றிப் படகை மட்டும் பெறும் 'பேர்போட்' முறையைத் தவிர்த்து, தலைவரையும் சேர்த்தே அமர்த்த வேண்டும். அவருக்கும் ஓர் அறை வேண்டும் என்பதை முன்பதிவின்போதே கணக்கிட வேண்டும்.