மக்ரூன் மேல் போட்ட பழி

பார்மகாலஜியில் எனக்கு நல்ல மார்க். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 21. பேப்பரே வேண்டாம். இந்தத் திமிரோடுதான் தூத்துக்குடியில் வார்டு டியூட்டிக்குப் போனேன்.

ஐந்தில் முதலாவதிலேயே சறுக்கினேன். எங்கள் கடற்கரையில் ஒரு வார்டுக்கு எத்தனை அந்தோணி, எத்தனை சூசை, எத்தனை பெர்னாண்டோ! 1530களில் போர்ச்சுக்கீசியர் ஞானஸ்நானத்தோடு பெயரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் ஊசியோடு ஒரு நர்ஸ் வந்து நிற்பாள் என்று அவர்கள் யோசிக்கவில்லை. "அந்தோணி ஐயா நீங்கதான?" என்றேன். காது மந்தமான பெரியவர் மரியாதைக்குத் தலையாட்டினார். ஆன்டிபயாட்டிக்கைக் கையில் எடுத்தபோது பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்: "அவரு பிரான்சிஸ்லா சிஸ்டர், நாந்தான் அந்தோணி." அன்று காப்பாற்றியது என் படிப்பு இல்லை, பக்கத்துக் கட்டில். பிறகு, "உங்க பேரைச் சொல்லுங்க, தகப்பனார் பேரையும் சொல்லுங்க" என்று கேட்கப் பழகினேன். தகப்பனார் பேரும் அந்தோணி என்று வந்தால் உள்நோயாளி நம்பர்தான் கதி.

வேடிக்கை என்னவென்றால், பயந்த மருந்தில் நான் தப்பே செய்ததில்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதைத் தொடும்போது லேபிளைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன், பக்கத்தில் இருப்பவரையும் வாசிக்கச் சொல்வேன். கோட்டை விட்டதெல்லாம் அத்துப்படியான மருந்துகளில்தான்.

இன்சுலினைப் போல. நம் ஊர்க் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். இந்தக் கணக்கையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். வார்டில் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் மக்ரூன் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. கேஸ் முடிந்தது. "முந்திரியும் சீனியுமா உள்ள தள்ளுனா ஊசி என்னம்மா பண்ணும்?" என்று முழு வார்டும் கேட்கப் பிரசங்கம் செய்தேன். "பனிமய மாதா சத்தியமா ஒண்ணுகூடத் தொடல" என்று அந்த அம்மா அழுதார். நான் நம்பவில்லை.

அடுத்த ஊசிக்கு மருந்து இழுக்கும்போது, பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "சிஸ்டர், சிவப்பு மூடிலா வேணும்?" டாக்டரிடம் சொல்லி, தவறைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவிடம் போனேன். அவர் பெட்டியை இழுத்துக் காட்டினார். கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

மருந்துத் தவறுகளால் உலகத்துக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவு என்று கணக்கிட்டு, கடுமையான பாதிப்புகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஒரு இயக்கமே தொடங்கியது. இதையும் பிறகு ஒரு நாள் மாணவிகளுக்குப் பாடமாக நான்தான் எடுத்தேன். மாத்திரையை நிறம் வைத்து அடையாளம் சொல்லாதீர்கள், கம்பெனி மாறினால் நிறமும் மாறும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா தலை சுற்றுகிறது என்று படுத்திருந்தாள். பிரஷர் பார்த்தேன், எகிறிக் கிடந்தது. மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.

"நீதான மஞ்ச மாத்திரைன்னு சொன்ன? இந்தத் தடவ வெள்ளையால்லா குடுத்தாவ. வேற யாருக்கோ உள்ளதுன்னு எடுத்து வச்சிட்டேன்." முகத்தில் என்ன கண்டாளோ, எழுந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கியா?"