எருக் கணக்கு எழுதும் செயற்கைக்கோள்

வயலில் குப்பை அடித்தால் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடுமாமே, நிஜமா? (செங்கோட்டை)

நிஜம். ஆனால் பரப்பிய எருவை உழாமல் விட்டிருக்கும் வரைதான். எரு விழுந்த மண் கறுக்கும். நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியையும் வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத்தான் செயற்கைக்கோள் அளக்கிறது. பாரிஸ் அருகே வெர்சாய் சமவெளியில், கம்போஸ்டும் தொழு உரமும் இட்ட வயல்களை சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்களில் ஆராய்ந்து, 2021-ல் இதற்கென்றே ஒரு குறியீட்டை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

எனக்கு ஒன்றரை ஏக்கர்தான். கண்ணில் படுமா? (சுரண்டை)

படும், மங்கலாக. எருவைக் காட்டும் அகச்சிவப்புப் பட்டையில் ஒரு புள்ளி 20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது சுமார் பத்து சென்ட். உங்கள் வயலுக்குப் பதினைந்து புள்ளி தேறும். ஓரத்துப் புள்ளிகளில் வரப்புத் தென்னையும் பக்கத்து வயலும் கலந்துவிடும். தவிர, ஐந்து நாளுக்கு ஒரு படம்தான். அதற்காக எருவை வெயிலில் காயவிடாதீர்கள்; தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கலைத்த அன்றே உழுங்கள். படம் போனால் போகட்டும், சத்து போகக்கூடாது.

குற்றாலத்தில் சீசன் மேகம் கவிந்தால்? (இலஞ்சி)

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கார் சாகுபடி நேரத்தில், சென்டினல்-2 பெரும்பாலும் மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிக்கும். ரேடார் மேகத்தைத் துளைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களால் நெல் பரப்பைக் கணக்கிட்டு, பயிர்க் காப்பீட்டுக்கு உதவியிருக்கிறது. ஆனால் ரேடாருக்குப் புரிவது ஈரமும் மண்ணின் மேடுபள்ளமும். சாரல் நனைத்த மண்ணிலிருந்து எரு இட்ட மண்ணை அதனால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிசான நெல் அறுத்ததும் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அது? (கடையநல்லூர்)

கோடையில் வானம் வெளுத்திருப்பது நல்ல வாய்ப்பு. ஆனால் கிடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். புழுக்கையோடு நெல் தாளும் கிடந்து அளவைக் குழப்பும். இதில் கிடை போடும் கீதாரியின் வாய்க்கணக்கே துல்லியம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். எருவைப் பார்க்கத் தவறினாலும், அடுத்த பயிரின் பசுமையைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும்.

அப்படியானால் எதைத்தான் உறுதியாகக் காட்டும்? (பாவூர்சத்திரம்)

பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் தக்கைப்பூண்டை! விதைத்ததும் வயலின் பசுமைக் குறியீடு மளமளவென ஏறும். 45 நாள் வாக்கில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுததும் சடாரென்று விழும். நெல்லோ உளுந்தோ அத்தனை சீக்கிரம் அறுவடைக்கு வராது. ஆகவே பசுந்தாள் உரம் எந்தெந்த ஊரில் மண்ணுக்குள் போனது என்று கிராமவாரியாகச் சொல்லலாம். மானிய விலையில் விதை கொடுக்கும் அரசுக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஏது?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? (தென்காசி)

முழுக்க அப்படி இல்லை. நம் நாட்டின் தொலையுணர்வு முயற்சியே தென்னந்தோப்பில் தொடங்கியது. 1970-ல் விஞ்ஞானி பி.ஆர்.பிஷரோட்டி குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படமெடுத்து, கேரளத் தென்னைகளின் வாடல் நோயைக் கண்டறிந்தார்கள். ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் அந்தக் கேரளம்தான்.

இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் படமே போதுமா? (சங்கரன்கோவில்)

போதாது. எரு விழுந்ததைப் படம் காட்டும். எத்தனை வண்டி, மக்கியதா, மண்ணில் கரிமம் ஏறியதா என்று காட்டாது. அதற்கு மண் பரிசோதனையும் விவசாயியின் குறிப்பேடும் வேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: படத்தை வைத்து யாருக்கும் மானியத்தை வெட்டக்கூடாது. எந்த வயல் எருவுக்கு ஏங்குகிறது என்ற தகவல், முதலில் அந்த வயல்காரர் கைக்குத்தான் போக வேண்டும்.