பரிவர்த்தனை மீமாம்சை

ஆராய்ச்சிக்குரிய விஷயங்கள் அனைத்தையும் பெரியவர்கள் முன்பே பங்கிட்டுக்கொண்டுவிட்டபடியால், சோழர் காலத்து நிலவரியோ சங்க காலத்துக் கடல் வாணிபமோ தனக்கு மிஞ்சாத ஓர் எளியவன், பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போகும் வழியில் இன்ன மாநிலம் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத ஒரு சாயாக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே அந்திதோறும் நடக்கும் ஒரு வாதத்தைக் குறிப்பெடுத்து வந்ததன் பயனே இந்தக் கட்டுரை. வாதத்துக்கு ஆதாரமான சம்பவம் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் ராயல்ஸ் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய் ஊதியத்தோடு சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார்; சென்னையிலிருந்து ரவீந்திர ஜடேஜா 14 கோடிக்கும், இங்கிலாந்துக்காரரான சாம் கரன் 2.40 கோடிக்கும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். கொடுத்தவன் ஏமாந்தானா, வாங்கியவன் ஏமாந்தானா என்பதே விசாரணைக்குரிய பிரச்னை.

முதலில் இலக்கணம். ஏலம் வேறு, பரிவர்த்தனை வேறு. ஏலத்தில் பணம் இருப்பவன் கையைத் தூக்குகிறான், பொருள் வருகிறது. துக்கம் அதோடு தீர்ந்தது. பரிவர்த்தனையிலோ, வருகிறவனை வரவேற்கும் அதே வாயால் போகிறவனை வழியனுப்பவும் வேண்டியிருப்பதால், ரசிகனானவன் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே வேஷ்டியில் போய்வந்தவனைப் போல் ஆகிறான். அமெரிக்கர்களுக்கு இந்த வியாதி பேஸ்பால் என்னும் ஆட்டத்தின் வாயிலாக நூறாண்டுகளுக்கு மேலாகவே உண்டு. அங்கே ஜூலை மாதக் கடைசியை ஒட்டிக் கெடு முடிவதற்குள் அணிகள் தத்தம் நட்சத்திரங்களைக் கொடுத்து நாற்றுகளை, அதாவது வளரும் இளைஞர்களை, வாங்கும். வாங்க வேண்டிய ஆளின் பெயர் அப்போதைக்குத் தோன்றாவிட்டால், "பின்னால் பெயர் சொல்லப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கும் அங்கே வழி இருக்கிறது. 1962-இல் ஹாரி சிட்டி என்பவரை இவ்வாறு கிளீவ்லாண்டிடமிருந்து பெற்ற நியூயார்க் மெட்ஸ் அணி, சில வாரம் ஆடவிட்டுப் பார்த்த பின், பின்னால் சொல்வதாக வாக்களித்த பெயர் ஹாரி சிட்டி என்று சொல்லி, அவருக்கு ஈடாக அவரையே திருப்பிக் கொடுத்துவிட்டது. நமது ஜடேஜாவின் சரித்திரமும் ஒருவகையில் இதுவே. 2008-இல் ராஜஸ்தானுக்கு ஆடிக் கோப்பையைத் தொட்டவர். அங்கே கட்டுப்பட்டிருக்கும்போதே வேறோர் அணியோடு பேரம் பேசினார் என்பதற்காக 2010-இல் ஆட்டத்திலிருந்து ஓராண்டு விலக்கப்பட்டவர். 2012-இல் சென்னைக்குச் சொந்தமாகி, இப்போது புறப்பட்ட துறைக்கே வந்து சேர்ந்திருக்கிறார். சிட்டிக்குச் சில வாரத்தில் முடிந்த பிரதக்ஷிணம் இவருக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று.

இனிக் கணக்கு. ஜடேஜாவின் பழைய ஊதியமும் 18 கோடி, சஞ்சுவின் ஊதியமும் 18 கோடி; தராசு நேர். ஆகவே கரன் எந்தத் தட்டில் ஏறினார் என்பது கேள்வி. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரும், மலையாளத்தில் சிந்தித்துத் தமிழில் சண்டையிடும் அபூர்வ சக்தி படைத்தவருமான ஸார் இதற்கு மூன்று மாலைகள் செலவிட்டு, 18 கோடியிலிருந்து 14-ஐயும் 2.40-ஐயும் கழித்து, மிச்சமான 1.60 கோடியைக் கரும்பலகை இல்லாத குறையால் மேஜை மேல் சாயாவைத் தொட்டு எழுதிக் காட்டியும் அது தீரவில்லை. தீர்த்து வைத்தவள் பொழியூரிலிருந்து கூடையோடு வந்து அங்கே இளைப்பாறும் மீன்கார அக்கா. "ஒரு கூறு சாளைக்கு மேல ரெண்டு நெத்தோலி சும்மா போடுவேன். அதுக்கு ஆரு கணக்கு கேப்பா, மக்களே?" என்றாள். கொசுறு என்னும் தத்துவம் இவ்வாறு சாஸ்திரத்துக்குள் பிரவேசித்தது. இந்த நெத்தோலிதான் 2022 டிசம்பரில், கொச்சியில் நடந்த ஏலத்திலேயே, 18.50 கோடிக்குப் போய் அதுவரை யாரும் எட்டாத விலையை எட்டியது என்பதை நான் நினைவூட்டியபோது, மீனுக்கும் காலையில் ஒரு விலை அந்தியில் ஒரு விலை என்று அவள் சொன்னதற்கு எதிர்வாதம் இதுவரை எழவில்லை. கொடுத்ததும் வாங்கியதும் 2025 புள்ளிப் பட்டியலின் கடைசி இரண்டு இடங்களில், ஆளுக்குப் பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றியோடு கிடந்த அணிகள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஓட்டைப் பானைக்காரனும் விரிசல் சட்டிக்காரனும் சந்தையில் சந்தித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் எந்த ஊரிலும் பேசப்படக்கூடியவை. இந்த எல்லையோரத்துக்கே உரிய பிரமாணம் ஒன்று உண்டு. அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். இங்குள்ளவர்களுக்குப் பரிவர்த்தனை என்பது பத்திரிகையில் படித்து அறிந்த சங்கதியன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இந்த மண்ணே பரிவர்த்தனை ஆயிற்று. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களையும் செங்கோட்டையில் ஒரு பகுதியையும் சென்னைக்குக் கொடுத்தது. சென்னையிடமிருந்து மலபார் ஜில்லாவும், தென் கன்னடத்திலிருந்து காசர்கோடும் கேரளத்துக்கு வந்து சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அதை விடவில்லை. இக்காலப் பாஷையில் சொன்னால், தக்கவைத்துக்கொள்ளப்பட்ட ஆட்டக்காரன். பகைவரான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி மார்த்தாண்ட வர்மா மகாராஜா பலாமரப் பொந்தில் ஒளிந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப்பிலாவு இருப்பதும் நெய்யாற்றின்கரையில்தானே. பிறர் கைக்கு அகப்படாமல் இருப்பது அவ்வூரின் குலதர்மம் என்பது ஸாரின் கட்சி.

சஞ்சுவின் ஊரான புல்லுவிளை விழிஞ்ஞத்தை அடுத்த கடற்கரைக் கிராமம். அது இருப்பது எந்தத் தாலுக்காவில்? நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில்! விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணன் இந்த உண்மையைக் கண்டுகொண்ட அந்தியில் கடையில் ஏற்பட்ட ஆரவாரம் சாமானியமானதன்று. "சாரே, அண்ணைக்கு நாலு தாலுக்காகூட அஞ்சாவதையும் தந்திருந்தா, பய பொறப்பிலேயே நம்ம ஆளாக்கும். இப்ப பதினெட்டு கோடியும் போச்சு, ஜடேஜாவும் போனான்" என்றார் அவர். ஸார் சற்றும் அசையாமல் சாயாவை ஆற்றிக்கொண்டு, "அப்படியானால் நீங்கள் மலபாரைத் தந்திருக்கக் கூடாது அண்ணா. பெரிந்தல்மண்ணைப் பையன் விக்னேஷ் புத்தூர் 2025 மார்ச்சில் மும்பைக்காக முதல்முதல் பந்து போட்டது உங்கள் சேப்பாக்கத்தில். கெய்க்வாட், துபே, ஹூடா, மூன்று விக்கெட். அந்தப் பெரிந்தல்மண்ணை 1956 வரை யாருடையது?" என்று கேட்டார். ஒரு ராஜ்யப் பிரிவினையின் வரவுசெலவைக் கிரிக்கெட் பேரேட்டில் பதிந்து பார்க்கும் இந்த முறைக்கு வேறெங்கும் முன்மாதிரி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் ஒரு பேதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரனின் சம்மதமின்றி அவனை மாற்ற முடியாது என்பது விதி. தாலுக்காவுக்குக் கையெழுத்து கிடையாது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டுபட்டு விழுந்தவர்கள் இட்டதுதான் கையெழுத்து என்று பால் வெட்டும் அண்ணன் ஒருமுறை சொன்னார். அன்று ஸார் எதிர்வாதம் செய்யவில்லை, நானும் குறிப்பெடுக்கவில்லை.

சொல்லாராய்ச்சிக்கும் இங்கே இடமிருக்கிறது. சஞ்சு மஞ்சள் சட்டைக்கு வந்த நாள் முதல் தமிழ்நாட்டு ரசிகர்கள் அவரை அன்போடு "சேட்டன்" என்கிறார்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றைக் கடந்து வருகிற எவரும் மூத்தவனைச் "சேட்டா" என்று விளிப்பதைவிட "அண்ணா" என்று விளிப்பதையே அதிகம் கேட்பார். ஆகவே பாறசாலையில் மலையாளம் பேசும் பையன்களுக்கு அவர் சஞ்சு அண்ணன். சென்னையில் தமிழ் பேசும் பையன்களுக்குச் சஞ்சு சேட்டன். ஆள் போனதோடு உறவுச்சொல்லும் பரிவர்த்தனை ஆகியிருக்கிறது! இதற்கு எந்த அணியும் விலை கேட்கவில்லை.

நாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் நாற்று விஷயத்தில் தீர்ப்பு எழுதுகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். 1987-இல் டெட்ராய்ட் அணி டாயில் அலெக்சாண்டர் என்ற அனுபவசாலியை வாங்குவதற்காக ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அனுபவசாலி அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் வென்று ஒன்றில்கூடத் தோற்காமல் கொடுத்த விலைக்கு வேலை செய்தார். பையன் 2015-இல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் ஏறினான். லாபம் யாருக்கு என்று எழுத இருபத்தெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சென்னையோ ஒரு மாதம் கழிந்ததுமே, டிசம்பர் 16-இல் அபுதாபி ஏலத்தில், 30 லட்சத்தில் தொடங்கிய பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. வீர் இடதுகைச் சுழற்பந்துக்காரர், மட்டையும் வீசுவார். அதாவது ஜடேஜா எழுந்துபோன பாயில் உட்கார வந்தவர். எழுந்தவருக்கு 14, உட்காருகிறவருக்கு 14.20. இந்த இருபது லட்சம் எதற்கு என்று அண்ணன் கேட்டார். வாழைக்குலையைவிட வாழைக்கன்றுக்கு அதிக விலை சொல்லும் தோட்டக்காரனைத் தாம் பார்த்ததில்லை என்றார். அதே ஏலத்தில் விக்னேஷ் புத்தூர் 30 லட்சத்துக்கு ராஜஸ்தானுக்குப் போனார். ஸாருக்கு அது சந்தோஷமா துக்கமா என்று கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை; ஒரு ஏத்தக்காய் அப்பம் அதிகமாகச் சாப்பிட்டார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

ஒரு சான்றுப்பொருளையும் பரிசீலிக்க வேண்டும். 2023 மே மாதம் அகமதாபாதில் நடந்த இறுதி ஆட்டம் மழையால் நள்ளிரவு தாண்டி நீண்டு, கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் என்ற நிலையில் ஜடேஜா ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்து முடித்தபோது மணி ஒன்றரை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, உறங்காமல், எட்டாம் எண் எழுதிய மஞ்சள் சட்டையோடு அப்படியே பால் வெட்டப் போனாராம். அதன் பிறகு விசேஷங்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த அந்தச் சட்டையை, 2025 நவம்பருக்குப் பின் தினமும் வேலைக்கே போட்டு வருகிறார். ரப்பர் பால் துணியில் பட்டுக் கறுத்தால் எந்தச் சோப்புக்கும் போகாது. "இனி கறை பட்டா என்ன" என்கிறார். முன்பக்கம் முழுவதும் கறுத்துப்போயிருக்கிறது. எட்டாம் எண்ணின் மேல் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை. எண் முதுகில் இருப்பதால் பால் தெறிக்காது, இதில் பக்தி எங்கே வந்தது என்பது ஸாரின் ஆக்ஷேபம். ஆனால் சட்டையின் இரண்டு கைகளிலும், பின்புறத்துக் கீழ்விளிம்பிலும் கறை இருப்பதை நான் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன்.