உள்ளங்கையில் ஒரு டைனோசர்: கேள்வி – பதில்

கேள்வி: டைனோசர் என்றால் உயிரை விடும் சிநேகிதன் ஒருவனுக்குப் பிறந்த நாள் வருகிறது. கடையில் பொம்மை வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது சின்னஞ்சிறு அட்டையில் நானே மையால் ஒரு டைனோசர் வரைந்து கொடுக்கலாமா?

பதில்: வரைந்து கொடுங்கள். பொம்மையை அவன் முன்னமே வாங்கியிருப்பான். தன்னைப் போலவே அப்பிராணிகளிடம் பிரேமை கொண்ட இன்னொருவன், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, விரல்களை எண்ணிப் பார்த்து, வாலின் வளைவை யோசித்து, கோடு கோடாக இழுத்து முடித்த சித்திரம் ஒன்றைக் கையில் வாங்கும்போது அவன் அடையப்போகும் ஆனந்தத்துக்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: எனக்குச் சித்திரம் வராதே?

பதில்: அதுவாக யாருக்கும் வந்ததில்லை, உட்கார்ந்து வரைந்தால் வரும்.

கேள்வி: இப்படி வரைந்து பரிசளிப்பது இக்காலத்துப் பொழுதுபோக்குத்தானே? இதற்குப் பூர்வோத்தரம் ஏதேனும் உண்டா?

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்தேன்! இங்கிலாந்தின் தென்கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் அரித்துச் சரிக்கும் அவ்வூர்ப் பாறைகளிலிருந்து புதைபடிவங்களைப் பெயர்த்து விற்று ஜீவனம் செய்தவர் மேரி அன்னிங். வசதியுள்ள குடும்பத்தில் பிறந்து, வயதில் ஏறக்குறைய இருபது ஆண்டு மூத்தவராக இருந்தும், அந்தஸ்து வித்தியாசம் பாராமல் அவரோடு கூடிப் புதைபடிவம் தேடியவர் எலிஸபெத் பில்பாட் அம்மையார். கணவாய்க்குத் தூரத்து உறவான பெலெம்னைட்டு என்னும் பழம்பிராணியின் படிவத்துக்குள்ளே மைப்பையும் அதில் உலர்ந்து இறுகிய மையும் இருப்பதை 1826-இல் அன்னிங் கண்டுபிடித்தார். அந்த மையை மறுபடியும் நீர்விட்டுக் குழைத்து எழுதுவதற்கு உகந்ததாக ஆக்கிக் காட்டினார் பில்பாட். 1833-இல், அந்த மையைத் தொட்டே இக்தியோசார் ஒன்றின் மண்டையோட்டைச் சித்திரமாக எழுதி, மேரி பக்லாண்டு என்னும் மாதுக்குக் கடிதத்தோடு அனுப்பி வைத்தார்.

சுமார் 19 கோடி வருஷங்களுக்கு முன் அப்பிரதேசத்துக் கடலில் வாழ்ந்த ஒரு ஜீவனின் மையால், அதே கடலில் நீந்திய இன்னொரு ஜீவனின் தலையை எழுதி அனுப்பினார் என்றால், பரிசு என்ற சொல்லுக்கு இதைவிட உயர்ந்த லட்சியம் ஏது? பெற்றுக்கொண்டவரும் லேசுப்பட்டவரல்ல. விஞ்ஞான முறைப்படி முதன்முதலாகப் பெயர் சூட்டப்பட்ட டைனோசராகிய மெகலோசாரஸை வில்லியம் பக்லாண்டு 1824-இல் உலகுக்கு அறிவித்தபோது, அதன் தாடையெலும்பைத் தம் கைப்பட வரைந்து கொடுத்து, அடுத்த ஆண்டே அவரை மணந்துகொண்ட சித்திரக்காரி அவர்! அருமை தெரிந்த கையிலிருந்து அருமை தெரிந்த கைக்குப் போயிற்று அந்தச் சித்திரம். அக்காலத்தில் சான்ட்ரி என்னும் சிற்பியும் இந்தப் புராதன மையால் ஒரு படம் எழுதினார். அதைப் பார்த்த பிரசித்தி பெற்ற ஓவியர் ஒருவர், இவ்வளவு உயர்ந்த மையைத் தயாரிக்கும் வியாபாரி யார் என்று விசாரித்தாராம். வியாபாரி கடலுக்கடியில் கடையை மூடிக் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டன!

கேள்வி: இக்தியோசாரும் டைனோசர்தானே?

பதில்: அல்ல. அது கடலில் வாழ்ந்த ஊர்வன இனம். சிநேகிதனுக்கு டைனோசர் என்று எழுதி அனுப்பினால் அன்றோடு சிநேகிதம் முடிந்தது.

கேள்வி: அட்டையின் அளவு, பேனா, மை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: அகலம் இரண்டரை அங்குலம், நீளம் மூன்றரை அங்குலம், சட்டைப் பையில் அடங்கும். 1990-களில் ஸூரிச் நகரில் தோன்றிய ஓவியப் பரிமாற்றச் சீட்டுகளின் அளவும் இதுவே. அவற்றை விற்கலாகாது, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கவே வேண்டும் என்ற விதி பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. அட்டை வழவழப்பாகவும் மை ஊறிப் படராததாகவும் இருக்கட்டும். தண்ணீர் பட்டாலும் கலையாத இண்டியன் இங்க், அல்லது அத்தகைய மை நிரப்பிய நுண்முனைப் பேனா போதும். முதலில் பென்சிலால் மெல்லிய கோடு, அதன்மேல் மை, மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர். வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாகப் பாவித்து நிழலிடுவது விஞ்ஞானச் சித்திரக்காரர்களின் நெடுநாள் சம்பிரதாயம். நீங்களும் அதையே அனுசரியுங்கள்.

இனி ஒரு கணக்கு. சுமார் 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரஸை 8 சென்டிமீட்டரில் அடக்கினால், அது 150-இல் ஒரு பங்காகக் குறைகிறது. அப்போது உங்கள் பேனா இழுக்கும் 0.2 மில்லிமீட்டர் கோடு, அந்தப் பிராணியின் மேனியில் 3 சென்டிமீட்டர் பட்டையாகும். கிடைத்திருக்கும் தோற்படிவங்களிலோ அதன் செதில்கள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. ஆகவே இந்த அளவில் செதில் செதிலாக வரைகிறவர் எத்தனை பொறுமைசாலியாக இருந்தாலும், வரைவதென்னவோ பொய்யைத்தான். தோலைப் புள்ளி நிழலுக்கு விட்டுவிட்டு, உடலின் வடிவத்தில் சிரத்தை வையுங்கள்.

கேள்வி: பால்பாயிண்ட் பேனா ஆகாதா?

பதில்: பால் கணக்கு எழுத ஆகும்.

கேள்வி: எந்த டைனோசரை வரைவது? டைரனோசாரஸ்தானே கம்பீரம்?

பதில்: உங்களுக்குப் பிடித்ததை அல்ல, பெறுகிறவருக்குப் பிடித்ததை. அவர் வாய் திறக்கவில்லையென்றால் ஸ்டெகோசாரஸை வரையுங்கள். முதுகில் இரண்டு வரிசையாக மாறி மாறி நிற்கும் தகடுகள், வாலின் நுனியில் நான்கு முட்கள் என்று, மைக்கோட்டுக்காகவே பிறந்த சரீரம் அது. மாமிசபட்சிணிகளுக்கே மாலை போட்டுப் பழகிவிட்ட உலகத்தில், தழை தின்றே மலையாக வளர்ந்த சாதுக்களின் பக்கம் பேச ஒருவர் வேண்டாமா? நான் பேசுகிறேன்.

டைரனோசாரஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இரண்டு நிபந்தனைகள். முதலாவது, உள்ளங்கைகள் தரையைப் பார்க்கலாகாது. அதன் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. நாம் கைகூப்புமுன் இருப்பதுபோல அவை ஒன்றையொன்று நோக்க வேண்டும். கைக்கு இரண்டே விரல். இரண்டாவது, வால் தரையில் புரளலாகாது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று மியூசியத்தில் 1915 முதல் வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்ற எலும்புக்கூட்டையே 1990-களில் கழற்றி, முதுகு கிடையாகவும் வால் அந்தரத்திலும் நிற்கும்படி மாற்றிப் பூட்டிவிட்டார்கள். அத்தனை பெரிய எலும்புகளை அவர்கள் மாற்றிப் பூட்டியிருக்கும்போது, ஒரு கோட்டை மாற்றி இழுக்க நமக்கு என்ன கஷ்டம்?

கேள்வி: வெறும் கறுப்பு மையில் டைனோசரின் நிறத்தைக் காட்ட முடியுமா?

பதில்: நிறம் தெரியவந்ததே மையால்தான், ஐயா! யேல் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த யாகோப் வின்தர், புதைபடிவக் கணவாயின் மையை எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோது, இன்றைய கணவாயின் மையிலுள்ள நுண்மணிகளே அதிலும் இருக்கக் கண்டார். மை தங்குமானால் இறகின் நிறம் மட்டும் ஏன் தங்காது என்ற யோசனை பிறந்தது. 2008-இல் அவர் குழுவினர் புராதன இறகு ஒன்றிலும் அத்தகைய மணிகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். 2010-இல் சீனத்து ஸைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையமிட்டிருந்ததென்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த வாலை வரையும்போது ஒரு வளையத்தை நெருங்கிய கோடுகளால் நிரப்பி, அடுத்ததை வெறும் அட்டையாகவே விட்டுவிடுங்கள். பார்ப்பவர் கண் மற்றதைச் செய்துகொள்ளும்.

கேள்வி: இத்தனை சின்னச் சித்திரத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? எங்கள் அரியலூரில் எலும்பே கிடைத்திருக்கிறதாமே, படம் எதற்கு?

பதில்: அரியலூர்க்காரரே இதைக் கேட்டதால் சற்று விஸ்தாரமாகவே பதில் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு விஞ்ஞானிகள் 1987-இல் புருகத்காயோசாரஸ் என்ற பெயரோடு வெளியிட்டார்கள். கணைக்காலெலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். பூமியில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் ஒன்றாக அது இருந்திருக்கக் கூடும். ஆனால் அந்த எலும்புகள் மிகவும் நொய்ந்தவை. காப்பாற்ற முடியாமல் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகப் போயின. 1987-இல் அச்சான கோட்டுச் சித்திரங்களையும், எடுத்த காலத்துக்கு வெகுநாள் கழித்து 2022-இல் வெளிவந்த புகைப்படங்களையும் வைத்துக்கொண்டுதான் இன்று உலகத்து அறிஞர்கள் அதைப் பற்றி வாதிக்கிறார்கள். எலும்பு உதிர்ந்தது, கோடு நின்றது. நண்பருக்காக நீங்கள் எண்ணி எண்ணி இழுக்கும் கோடும் அதே ஜாதியைச் சேர்ந்தது. கவனித்துப் பார்த்ததைக் காகிதத்தில் நிறுத்தி இன்னொருவரிடம் ஒப்படைக்கும் காரியம் எத்தனை சிறிய அட்டையில் நடந்தாலும் சிறிய காரியமல்ல.

கேள்வி: வரைந்ததை விற்றால் பாவமா?

பதில்: யாருக்காக விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேரி அன்னிங் பணமுடையால் வருந்திய 1830-இல், டி லா பெஷ் என்ற நிலவியலறிஞர், அன்னிங் கண்டெடுத்த புராதன ஜந்துக்களெல்லாம் உயிரோடு கடலில் திரிவதாக ஒரு சித்திரம் எழுதி, அதைக் கல்லச்சில் பிரதி எடுப்பித்து விற்றுப் பணத்தை அவருக்கே சேர்ப்பித்தார். அப்படியானால் தாராளமாக விற்கலாம். முதல் பிரதியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: அட்டையின் பின்புறம் ‘என்றும் அன்புடன்’ என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. பிராணியின் முழுப்பெயர், அது கிடைத்த தேசம், எத்தனையில் ஒரு பங்காக வரைந்தீர்கள் என்ற கணக்கு, தேதி, கையெழுத்து ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அன்பை அதற்கும் கீழே எழுதலாம். தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆராய்ச்சி நாளுக்கு நாள் மாறும். இந்த வருஷத்து அறிவு இவ்வளவு என்பதற்கு உங்கள் அட்டையே சாட்சியாக இருக்கும். எழுதி முடித்ததும் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டாமல், அன்றைக்கே உறையிலிட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.