அளவுகோலின் ஆளில்லாப் பகுதி

ஒரு நாட்டின் மதிப்பெண் முறையை அறிய, அந்நாட்டு மாணவர்கள் வாங்கும் எண்களை ஆராய்வதே வழக்கம். யாரும் வாங்காத எண்களையே ஆராய வேண்டும் என்பது நம் துணிபு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் தேர்ச்சிக்கு 40, முதல் வகுப்புக்கு 70. அதற்கு மேலும் 30 எண்கள் இருந்தும், கலைப் பாடங்களில் 80ஐத் தாண்டிக் குடியேறியவர் அரிது. பிரான்சில் 20க்கு 16 எடுத்தாலே ‘மிக நன்று’. முழு 20 கடவுளுக்கு உரியது என்று அங்கே சொலவடையே உண்டு. ரஷ்யாவில் பொட்டல் அடியில் இருக்கிறது: ஐந்துக்கு 2 எடுத்தாலே தோல்வி என்பதால் 1 பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. தோற்றவனை மறுபடி தோற்கடிக்க ஆசிரியருக்கும் மனம் வருவதில்லை போலும். தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. பொதுத்தேர்வுதோறும் ஆயிரக்கணக்கானோர் சென்டம் எடுப்பதால் உச்சியில்தான் நெரிசல். இத்தாலியர் 30க்கு 30ம் போதாமல் ‘பாராட்டுடன்’ என்று மேலே ஒரு மாடியே எழுப்பியிருக்கிறார்கள்.

எண்களை மாற்றிக்கொள்ளத்தான் ஜெர்மனியில் பவேரியச் சூத்திரம் இருக்கிறதே, பிறகென்ன ஆய்வு என்று கேட்கலாம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண் வந்துவிடும். அங்கே 1 சிறப்பு, 4 தேர்ச்சியின் விளிம்பு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதன்படி, முதல் வகுப்பில் 72 எடுத்த லண்டன் மாணவர் 2.4 பெறுகிறார், 35 தேர்ச்சியாக உள்ள தேர்வில் 90 எடுத்த நம்மவர் 1.46 பெற்று அவரை முந்திவிடுகிறார். பொட்டலையும் ஊராக எண்ணி அளந்ததன் பலன் இது. முதல் 10 சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த 25 சதவீதத்தினருக்கு பி என்று ஐரோப்பா ஒருகாலத்தில் வகுத்துப் பார்த்தது. 2009இல் அதைக் கைவிட்டு, எந்த மதிப்பெண்ணை எத்தனை சதவீதத்தினர் பெறுகிறார்கள் என்ற அட்டவணைக்கு மாறியது. இது குடிக்கணக்கன்றி வேறென்ன? நம் கட்சிக்கு வலிமையான சாட்சி.

பொட்டலை ஒழித்துவிட்டால் என்ன என்போருக்கு டென்மார்க் விடை. அங்கே மதிப்பெண்கள் -3, 00, 02, 4, 7, 10, 12 மட்டுமே. 8 வாங்க யாராலும் இயலாது, அந்த எண்ணே அளவுகோலில் இல்லை. 00, 02 ஆகியவற்றின் முன்னுள்ள சுழியம், பேனாவால் 10, 12 ஆக்கிவிடாமல் காக்கும் வேலி என்பது வழக்கமான விளக்கம். ஆயினும் ஆளற்ற எண்களை நீக்கிய அதே கை, சுழியத்துக்குக் கீழே -3 என்று புதிய மனை போட்டது. 00 வாங்கினாலே தேர்ச்சியில்லை. அதற்கும் கீழே இறங்குபவர் பல்கலைக்கழகத்துக்கு மூன்று மதிப்பெண் கடன்பட்டவரா என்பது தனி ஆய்வுக்குரியது.