பித்தப்பையும் பின்வாசல் மருந்தும்

1882 ஜூலை 15. பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற சர்ஜன் ஓர் ஆசாமியின் வயிற்றைத் திறந்து பித்தப்பையையே வெட்டி எடுத்துவிட்டார். உலகத்தில் அதுதான் முதல் தடவை. ஆசாமிக்கு வயது 43. பித்தக்கல்லோடு 16 வருஷக் குடித்தனம். வலிக்கு மார்ஃபின் போட்டுப் போட்டு, கடைசியில் வலி இல்லாவிட்டாலும் மார்ஃபின் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். மறுநாள் எட்டிப் பார்த்தால், மனுஷர் சாவகாசமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்!

ஐந்து வருஷம் கழித்து இத்தாலியின் பெரூஜாவில் ருஜெரோ ஒட்டி என்ற மாணவர், பித்தநாளம் குடலில் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசையை விவரித்தார். 1654-லேயே கிளிசன் என்ற இங்கிலீஷ்காரர் அதை எழுதி வைத்தாயிற்று. பேர் என்னவோ ஒட்டியாருக்குத்தான். ஜெனோவாவில் பெரிய பதவியும் வந்தது. பிறகு போதைமருந்துப் பழக்கம், கணக்கில் குளறுபடி, பதவி போயிற்று. 1913-ல் டூனிஸில் காலமானார். மார்ஃபினோ, அவர் பேர் சொல்லும் அதே தசையை இறுக்கிவிடும் குணம் உள்ளது. 'அப்படியானால் பெத்திடின் என்ற வேறு வலிமருந்தைக் கொடு' என்று பாடப்புத்தகங்கள் பல தலைமுறைக்கு ஓதின. அது மேல் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

வலிக்கு உண்மையான வில்லன் வேறு. கல் வழியை அடைத்ததும் பித்தப்பை புராஸ்டாகிளாண்டின் என்ற சரக்கைச் சுரக்கிறது. அதனால் உள்ளே நீர் கூடுகிறது, பை இன்னும் முறுக்குகிறது, வலி ஏறுகிறது. ஆஸ்பிரின் வகையறா இந்தச் சரக்கின் உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது என்று ஜான் வேன் 1971-ல் சொன்னார். 1982-ல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார். 1997-ல் கிரேக்க டாக்டர்கள் கல்வலிக்காரர்களுக்கு அதே வகையறாவைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக் ஊசி 75 மில்லிகிராம் போட்டுப் பார்த்தார்கள். வலி அடங்கியது, பித்தப்பை அழற்சியாக முற்றியதும் வெற்று ஊசிக்காரர்களைவிடக் குறைவு.

உச்சக்கட்டம் 2012, அமெரிக்கா. வாய்வழியே குழாய் விட்டுப் பித்தநாளத்தைத் துழாவினால், பக்கத்து வீட்டுக் கணையம் கோபித்து வீங்கும். அப்படிக் குழாய் விட்ட 602 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். அதே வகையறாவின் இண்டோமெதசின் 100 மில்லிகிராம் வைத்தபோது வீக்கம் வந்தவர்களின் பங்கு 16.9 சதவீதத்திலிருந்து 9.2 ஆக இறங்கியது. வைத்த இடம்? ஆசனவாய். முன்வாசலில் குழாய், பின்வாசலில் மருந்து. நோயாளியின் மானம் மட்டும் நடுவில் தவித்தது.

இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். இந்த ஆஸ்பிரின் வகையறா மருந்துகள் கல்லைக் கரைக்காது. வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.